ஏசி மாற்றப்போகும் வீட்டாருக்கு

சென்ற வருடம் கச்சான் வீசத் தொடங்கிய நாட்களில் எங்கள் வீட்டு ஏசி நின்றுபோனது. பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் உம்மம்மாவின் அறைக்காக, வாப்பா கட்டாரில் வேலை செய்தபோது அனுப்பிய காசில் வாங்கியது அது. வாங்கி நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

திருத்த வந்தவர் வெளியே கிழக்குச் சுவரில் பூட்டியிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்த அலுமினியத் தகடுகள் கை பட்டதும் மாவாக உதிர்ந்தன. செப்புக் குழாயில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. ஓரிடத்தில் ஊசி முனையளவு ஓட்டை. அதன் வழியே கேஸ் முழுவதும் போய்விட்டது. "இதத் திருத்துற காசோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கலாம்" என்றார்.

அன்று இரவே வீடு ஒரு வழக்குமன்றமானது. மாமா டைகின் என்றார். ராத்தா எல்ஜி என்றா. பக்கத்து வீட்டு சாச்சா பனசோனிக்கை விட்டால் வேறில்லை என்றார். சீனப் பொருள் வேண்டாம் என்று ஒருவரும், இப்போது எல்லாமே சீனாதான் என்று இன்னொருவரும் சொன்னார்கள். கடைசியில் வாப்பா என் பக்கம் திரும்பி, "நீதானே விஞ்ஞானம் படிக்கிற மகள், நீயே பார்த்துச் சொல்லு" என்றார். அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும், திருத்துபவரிடம் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நம் ஊரில் இதே கேள்வியோடு கடைக்குப் போகும் குடும்பங்கள் பல.

முதலில் ஏசி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அது குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கிணற்று நீரை மேலே ஏற்றும் பம்பியைப் போல, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை ஏற்றுவதால் இதனை வெப்பப் பம்பி என்கிறார்கள். உள்ளே இருக்கும் சுருளில் திரவம் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை அமுக்கிச் சூடாக்கி வெளிப்பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே அது மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை வெளிக்காற்றில் விடுகிறது. குளிர்நாடுகளில் இதே இயந்திரத்தைத் திசைமாற்றி வீட்டைச் சூடாக்குகிறார்கள். இப்படி வெப்பமேற்றலாம் என்ற கருத்தைக் கெல்வின் பிரபு 1852இலேயே முன்வைத்தார்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அள்ளிய வெப்பம் முழுவதும் வெளிப்பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். வெளிப்பெட்டி கெட்டால், உள்ளே எவ்வளவு அழகான இயந்திரம் தொங்கினாலும் பயனில்லை. நம் ஊரில் முதலில் கெடுவதும் அதுதான்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய ஊர்கள் மேற்கே வாவிக்கும் கிழக்கே கடலுக்கும் இடையில் கிடக்கும் எழுவான்கரை நிலத்தில் இருக்கின்றன. அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத்துளிகள் காற்றோடு ஊருக்குள் வருகின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் இது இன்னும் கூடும். வெளிப்பெட்டியில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர்: நாம் ஆய்வுகூடத்தில் செய்யும் எளிய மின்கலம் இதுதான். அந்தக் கலத்தில் அலுமினியம் கரைகிறது. எங்கள் வெளிப்பெட்டி கடலைப் பார்த்த சுவரில் நான்கு வாடைக்காலம் நின்றது. அந்த இடத்தில் எந்தக் கம்பனியின் பெட்டியை வைத்திருந்தாலும் இந்த அரிப்பு வந்தே இருக்கும்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது வெளிப்பெட்டியின் சுருளைப் பற்றித்தான். குழாய் செப்பா, அலுமினியமா? தகட்டுக்கு அரிப்பைத் தடுக்கும் பூச்சு உண்டா? செப்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒட்டித் திருத்தலாம். அலுமினியக் குழாயை ஒட்டுவது கடினம். ஒரே கம்பனி ஒரு மாதிரியில் செப்பும் இன்னொரு மாதிரியில் அலுமினியமும் போடுவதுண்டு. அதனால் கம்பனிப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, மாதிரி இலக்கத்தையும் பார்க்க வேண்டும். உத்தரவாத அட்டையையும் வாசியுங்கள். கொம்பிரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். சுருளுக்கு எத்தனை வருடம், உப்புக்காற்றால் வரும் அரிப்பு அதில் அடங்குமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, அறையின் அளவு. ஏசியின் ஆற்றலை மணித்தியாலத்துக்கு இத்தனை பிடியூ என்று குறிப்பார்கள். நம் பக்கத்தில் பத்துக்குப் பத்தடி அறைக்கு 9,000, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி அறைக்கு 12,000 என்பது பொதுவான கணக்கு. அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழோ, வெயில் நேராக விழும் கொங்கிரீட் தட்டின் கீழோ அறை இருந்தால் கூடுதலாக வேண்டும். "பெரிசா எடுத்தா நல்லது" என்று நினைப்பது தவறு. தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் போதாது. வாவிக்கரையின் ஈரக்காற்றில் அப்படிப்பட்ட அறை குளிராக இருந்தும் பிசுபிசுக்கும்.

மூன்றாவது, மின்சாரம். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டில் எல்லாம் எழுதியிருக்கும். 12,000 பிடியூ என்பது ஏறக்குறைய 3,517 வாற்று வெப்பத்தை அகற்றும் ஆற்றல். ஓர் ஏசி அதற்கு 1,300 வாற்று மின்சாரம் எடுத்தால், 3,517ஐ 1,300ஆல் வகுக்க 2.7 வரும். இன்னொன்று 1,100 வாற்று எடுத்தால் 3.2 வரும். இந்த எண் கூடினால் ஏசி சிக்கனமானது. இரவில் எட்டு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடுவதாக வைத்தால், 200 வாற்று வித்தியாசம் மாதத்துக்கு 48 அலகாகிறது. முழு வேகத்தில் எப்போதும் ஓடாது என்பதால் உண்மையில் இது குறையும். ஆனாலும் நம் நாட்டின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டினால் அதற்கு மேலுள்ள ஒவ்வோர் அலகுக்கும் மிக உயர்ந்த படியின் விலை. ஏசி சேர்க்கும் அலகுகள்தான் வீட்டை அந்தப் படிக்குத் தள்ளுகின்றன. நட்சத்திரக் குறி உதவும்; ஆனால் நாட்டுக்கு நாடு நட்சத்திரக் கணக்கு வேறு. இந்தியாவின் ஐந்து நட்சத்திரத்தை வேறொரு நாட்டின் ஐந்து நட்சத்திரத்தோடு ஒப்பிடுவதை விட, இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்வேட்டர் வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். சாதாரண ஏசி முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மீண்டும் ஓடும். இன்வேட்டர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தொடர்ந்து ஓடும். வீட்டுக்கான முதல் இன்வேட்டர் ஏசியை 1981இல் தோஷிபா கொண்டுவந்தது. இன்று எல்லாக் கம்பனியும் செய்கிறது. இரவு முழுவதும் போடும் அறைக்கு இன்வேட்டர் இலாபம். லுஹருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மட்டும் போடுபவருக்குக் கூடுதல் விலை திரும்பி வர வெகுகாலமாகும். இன்வேட்டரின் மின்சுற்றுப் பலகை விலை கூடியது. இடிமின்னலும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் அதற்கு எதிரி. பெட்டிக்குள் புகும் பல்லியும் எதிரிதான். பாதுகாப்புக் கருவி ஒன்றைச் சேர்த்துப் பூட்டுவது அவசியம்.

நான்காவது, கேஸ். பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும். அது ஓசோன் படையைக் கெடுப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளும் 2030க்குள் அதனைப் பெரும்பாலும் கைவிட வேண்டும். பாவித்த ஆர்-22 ஏசி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நாளை கேஸ் நிரப்புவதே சிரமமாகும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 2,088 மடங்கு வலியது. 2012இல் டைகின் வீட்டு ஏசிகளில் கொண்டுவந்த ஆர்-32க்கு அது 675 மடங்கு. இன்று கடைகளில் பரவலாக இருப்பது ஆர்-32தான். அது மெல்ல எரியக்கூடியது என்பதால், அதனைக் கையாளத் தெரிந்தவரே பூட்ட வேண்டும். பழைய ஏசியைக் கழற்றும்போது மிஞ்சிய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் சேகரிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பூட்டுபவரும் திருத்துபவரும். குழாய்களை இணைத்த பின் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் இழுத்தெடுக்க வேண்டும். அவசரத்தில் சிலர் இதைச் செய்யாமல், கொஞ்சம் கேஸை ஊதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரை மெல்ல மெல்லத் தின்னும். "வெற்றிடப் பம்பி கொண்டு வருவீங்களா?" என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. அதோடு, பலகை பழுதானால் உதிரிப்பாகம் மட்டக்களப்பிலேயே கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர எத்தனை நாள் ஆகும் என்றும் கேளுங்கள். உம்மம்மாவைப் போன்ற ஒருவர் இருக்கும் வீட்டில், கச்சான் காலத்தின் மூன்று வாரக் காத்திருப்பு சிறிய விடயமல்ல.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாப்பாவோடு மூன்று கடைகளுக்குப் போனேன். ஒரு கடையில், "பிள்ள என்ன, பரீட்சையா வைக்கிற?" என்று சிரித்தார்கள். இரண்டு கடைகளில் சுருள் எதனால் ஆனது என்பதற்கே பதில் கிடைக்கவில்லை. மூன்றாவது கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டினார். திருத்துபவரின் தொலைபேசி இலக்கத்தையும் அங்கேயே தந்தார். அங்கே வாங்கினோம். மாமா சொன்ன பெயரும் ராத்தா சொன்ன பெயரும் அதில் இல்லை.

வெளிப்பெட்டியை இம்முறை மேற்குப் பக்கம், விறாந்தைச் சுவரின் மறைவில், காற்றோட்டம் தடைபடாதபடி பூட்டச் சொன்னோம். மாதம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை காலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அதன் தகடுகளைக் கழுவுகிறேன். உள்ளே இருக்கும் வடிகட்டியைத் தங்கச்சி கழுவுகிறாள். ஏசியை 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுகிறோம்.

ஒரு வாடைக்காலம் கடந்துவிட்டது. சென்ற வாரம் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தகடுகள் பளபளப்பாகவே இருந்தன. உம்மம்மாவிடம் சொன்னேன். பேச்சு அவவுக்கு இன்னும் சரியாக வரவில்லை. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா. கன்னம் வியர்வையில்லாமல் குளிர்ந்திருந்தது.