கம்பியில்லா இணையமும் கத்தோலிக்க இல்லமும்

வீடு மந்திரிப்பதற்காகக் குருக்களை அழைக்கும் இல்லங்களில், தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ வாசற்கதவின் மேற்புறத்திலோ, இரண்டு மூன்று கொம்புகளை நீட்டிக்கொண்டு பச்சை விளக்குகளைச் சிமிட்டும் சிறு பெட்டியொன்று வீற்றிருப்பதை இந்நாட்களில் காணாதிருத்தல் அரிது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, தந்தையின் ஒரே கைப்பேசியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் அமர்ந்து பாடம் கேட்டார்கள். அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்கள் பல, அதன்பின் சிக்கனம் பிடித்தாவது நிலையான இணைய இணைப்பொன்றை வீட்டிற்குக் கொண்டு வந்தன. அது நல்லதே. ஆனால் பெட்டியைப் பொருத்த வரும் இளைஞர் கால்மணி நேரத்தில் வேலையை முடித்து, ஒரு துண்டுச் சீட்டில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அன்று முதல் அந்தப் பெட்டி வீட்டில் ஒருவருக்கும் விளங்காத பொருளாகவே இருந்துவிடுகிறது. வாசலில் நுழைபவர் யார் என்று எட்டிப் பார்த்து விசாரிக்கும் பெற்றோர், இந்த இன்னொரு வாசலைப் பற்றி ஒன்றுமே அறியாதிருப்பது முறையாகுமா?

அதன் இயல்பு கடினமானதன்று. தெருக் கம்பத்திலிருந்து தலைமயிரையொத்த ஒரு கண்ணாடி இழை உறையிடப்பட்டு வீட்டிற்குள் வருகிறது. அதனுள்ளே ஒளித்துடிப்புகளாகச் செய்தி ஓடி வருகிறது. பெட்டி அவ்வொளியை மின்குறிகளாக மாற்றுவது ஒரு வேலை. அவற்றை வானொலி அலைகளாக வீடெங்கும் பரப்பி, மடிக்கணினி அனுப்பும் அலைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வது இன்னொரு வேலை. இவ்விரண்டையும் ஒரே பெட்டி செய்வதும் உண்டு, இரண்டு பெட்டிகள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. முதல் வேலை கெட்டதா, இரண்டாவது கெட்டதா என்று பிரித்தறியத் தெரிந்தாலே பாதிக் கவலை தீரும். எல்.ஓ.எஸ். என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி வரவில்லை என்பது பொருள். அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. இழை எங்கேனும் அறுந்திருக்கும், அல்லது சோபாவின் காலடியில் மடிந்து நசுங்கியிருக்கும். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே சிதறிவிடும். எஞ்சிய இழையைச் சுருட்டி ஆணியில் மாட்டுபவர்கள் அகன்ற வளையமாகச் சுருட்டுவார்களாக.

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கலையோடு திருச்சபைக்குள்ள தொடர்பு பலர் அறியாதது. பிரேசில் நாட்டில் ராபர்ட்டோ லாண்டல் டி மௌரா என்னும் குருவானவர், 1900 ஜூன் 3 அன்று சாவ் பாலோ நகரில், மனிதக் குரலைக் கம்பியின்றிச் சுமார் 8 கிலோமீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். 1904 இல் அமெரிக்க அரசு அவருக்கு மூன்று காப்புரிமைகளை வழங்கியது. அவருடைய நாட்டு மக்கள் சிலரோ, பேய்களோடு உறவாடுகிறார் என்று ஏசி, அவர் கருவிகளை அடித்து நொறுக்கினர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பங்குத்தந்தையர்க்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அதை இங்கு விரிக்க வேண்டாம். பின்னர் 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் இலத்தீன் மொழியில் உலக மக்களோடு பேசினார். 1933 இல் அதே மார்க்கோனி, வத்திக்கானுக்கும் திருத்தந்தையின் கோடைக்கால இல்லமான காஸ்தல் கந்தோல்போவுக்கும் இடையே, அரை மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய குற்றலைகளால் தொலைபேசித் தொடர்பு அமைத்தார். நம் வீட்டுப் பெட்டியின் அலை அதனினும் குறுகியது. ஒன்று ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர், மற்றொன்று ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்.

கணினிகளை அலைகளால் இணைக்கும் முயற்சி 1971 இல் ஹவாய்த் தீவுகளில் வெற்றி கண்டது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கிளைகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்ததால், நார்மன் ஆப்ரம்சன் என்பாரும் அவர் தோழர்களும் கணினிகள் வானொலி வழியாகப் பேசிக்கொள்ளும் முறையை வகுத்தனர். இன்று வைஃபை என்று நாம் அழைக்கும் முறைக்கு 1997 இல் பொதுவிதி எழுதப்பட்டது. அப்பெயர் 1999 இல் சூட்டப்பட்டது.

இனி, பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். இதில்தான் நம் வீடுகள் பெரும்பாலும் தவறுகின்றன. இழை எவ்வழியே நுழைகிறதோ அவ்விடத்திலேயே, அதாவது வீட்டின் ஒரு மூலையில், பெட்டியை மாட்டிவிட்டுப் போவது பொருத்துபவர்க்கு எளிது. அலையோ எத்திசையும் சமமாகப் பரவுவது. மூலையில் வைத்த பெட்டியின் பலத்தில் பெரும்பங்கு தெருவுக்கும் அடுத்த வீட்டுக்கும் போய்விடுகிறது. பிள்ளை படிக்கும் உள் அறைக்குச் சேர வேண்டியது தேய்ந்து போய்ச் சேருகிறது. கூடுதலாகச் சில மீட்டர் இழை வாங்கியேனும் வீட்டின் நடுப்பகுதிக்குப் பெட்டியைக் கொண்டு வருவது நன்று. தரையிலன்று, ஆள் உயரத்திற்கு மேல். கொம்புகள் செங்குத்தாக நிற்கட்டும். அலை பக்கவாட்டில் நன்கு விரியும். மாடியில் ஒருவர் படிப்பதானால் ஒரு கொம்பைச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம்.

அலைக்குப் பகைவர் யார் என்றும் தெரிந்திருக்க வேண்டும். உலோகம் முதற் பகைவன். இரும்புப் பீரோவின் பின்னால் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு இணைப்பு வரவில்லை என்று குறைகூறுவது, விளக்கை மரக்காலால் மூடிவிட்டு இருட்டாயிருக்கிறது என்பதற்கு ஒப்பாகும். நிலைக்கண்ணாடியின் பின்புறப் பூச்சும் உலோகமே. தண்ணீரும் அலையை உறிஞ்சும். மீன்தொட்டி, தண்ணீர் நிரம்பிய தொட்டி இவற்றிற்கு அப்பால் பெட்டி இருக்கலாகாது. நம் மூதாதையர் கட்டிய ஒன்றரை அடிக் கனச் சுவர் வெயிலைத் தடுப்பதுபோல் அலையையும் தடுக்கும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்போர் அது இயங்கும்போது வகுப்பு தடைபடுவதைக் கவனித்திருக்கலாம். அதுவும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவதே காரணம். ஆதலால், வீட்டின் நடுவில் உயரமாயும் தடையின்றியும் உள்ள இடம் பல இல்லங்களில் திரு இருதய ஆண்டவரின் பீடமே என்று ஒரு குடும்பத் தலைவர் அளந்து கண்டுபிடித்துச் சொன்னார். அளவு சரிதான். அருகில் வேறொரு பலகை அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

மடிக்கணினியில் இணைக்கும்போது பலர் குழம்புவது இதில்தான்: ஒரே பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டும், ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். இது கைப்பேசி நிறுவனங்கள் கூறும் 5ஜி அன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அது குறிக்கிறது. வேகம் மிகுதி, ஆயின் சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ், வேகம் குறைவு, தூரம் மிகுதி. பெட்டி இருக்கும் அறையிலேயே படிப்பவர் முன்னதையும், இரண்டு சுவருக்கு அப்பால் படிப்பவர் பின்னதையும் தெரிந்துகொள்ளட்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றிற்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையை வாங்கும் உறுப்பே கிடையாது. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் மடிக்கணினி பெற்று, அண்ணன் படித்து முடித்தபின் தங்கை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அதில் ஒரு பெயர் மட்டும் தோன்றுகிறதென்றால் கணினி பழுதாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். ஒரு பெயரும் தோன்றாவிடில், விமானக் குறியிட்ட விசை தவறுதலாக அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பின் கணினி இணைய மறுத்தால், அது பழைய சொல்லையே நினைவில் வைத்திருக்கிறது. சேமித்த பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். 100 மெகாபிட் என்று விளம்பரத்தில் காண்பது பிட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. ஒருவர் காணொளி வகுப்பில் அமர 2 முதல் 4 மெகாபிட் போதும். நான்கு பேர் உள்ள வீட்டிற்கு மிகச் சிறிய திட்டமே பெரும்பாலும் தாராளம். அதற்குமேல் மாதந்தோறும் கொடுக்கும் பணம் எதற்கென்று குடும்பத்தில் அமர்ந்து யோசிக்கலாம்.

கடவுச்சொல்லை மட்டும் அற்பமாக எண்ணிவிடலாகாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் நகரில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. காவல்துறையினர் தடம் பற்றிச் சென்றபோது அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவர் குற்றமற்றவர்; பூட்டப்படாதிருந்த அவரது கம்பியில்லா இணைப்பைப் பிறர் பயன்படுத்திக்கொண்டனர். ஆயினும் விசாரணையின் பாரத்தை அவர் சுமக்க நேர்ந்தது. இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவர் வாசலில்தான் முதலில் தட்டுவார்கள். எனவே பொருத்துபவர் எழுதித் தந்த சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். கைப்பேசி எண்ணையும் பிள்ளையின் பெயரையும் வைக்காமல், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைத்தால் நீளமாகவும் இருக்கும், மறக்கவும் செய்யாது. பெட்டியின் அமைப்புப் பக்கத்திற்கு வேறொரு கடவுச்சொல் உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அப்பக்கத்தின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 என்று, இருக்கும். அங்குள்ள நுழைவுச்சொல் பல பெட்டிகளில் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாகவே விடப்பட்டிருப்பதால் அதையும் மாற்றுவது கடமை. பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள், டபிள்யூ.ஈ.பி. என்ற பழைய பூட்டை உடைக்கும் வழி 2001 லேயே வெளியாகிவிட்டது.

பிள்ளைகளைப் பற்றிய கேள்வி பெற்றோர் நெஞ்சில் கனப்பதை அறிவோம். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட விதித் தொகுப்பு, கேடு விளைவிப்பவை வீட்டிற்குள் நுழையாதபடி காப்பது பெற்றோரின் பாரமான கடமை என்கிறது. அன்று அச்சிட்ட தாளும் திரைப்படமும் வந்த வழியில் இன்று அலை வருகிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்று எழுதினால், கிளவுட்பிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாக நடத்தும் வடிகட்டி, ஆபாசத் தளங்களையும் நச்சு நிரல்களைப் பரப்பும் தளங்களையும் பெருமளவு தடுக்கும். பெருமளவே, முழுவதும் அன்று. கைப்பேசியின் சொந்த இணையத்திற்கு மாறினால் இந்த வேலி அங்கே செல்லாது. அதனால், மடிக்கணினி கூடத்தில் இருக்கட்டும், இரவில் கதவடைத்த அறைக்குப் போக வேண்டாம் என்பதே நமது கருத்து. தந்தையின் கைப்பேசிக்கும் அதே விதி பொருந்த வேண்டும். இல்லையேல் பிள்ளைகள் நகைப்பார்கள்.

இதில் பிள்ளைகளுக்கே முன்மாதிரியாக ஒருவரைத் திருச்சபை தந்திருக்கிறது. 2006 இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியச் சிறுவர் கார்லோ அக்குத்திஸ், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்ட அவர், கணினி விளையாட்டை வாரத்திற்கு ஒரு மணி நேரமென்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டார். தாய் தந்தையர் கட்டளையிட்டதாக எங்கும் படித்ததில்லை.

அலை உடலுக்குக் கேடா என்று கர்ப்பிணிகளின் தாய்மார் கேட்பதுண்டு. இப்பெட்டி வெளியிடும் அலையின் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே. அணுக்களைச் சிதைக்கும் எக்ஸ் கதிரின் இயல்பு இதற்கில்லை. தலைமாட்டில் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இடி மின்னல் வேளையில் பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கிவிடுவது நல்லது. கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, மின்கம்பியோ கடத்தும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் பெட்டிக்கென்றே விற்கும் சிறு மின்கலப் பெட்டி சில மணி நேரம் தாங்கும். வயோதிகர் வீடுகளில் இணைப்பைச் சரிபார்ப்பதாகக் கூறித் தொலைபேசியில் இரகசிய எண் கேட்பவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஒன்று எஞ்சியிருக்கிறது. சுவருக்கு அப்பால் இணைப்பெடுக்க வசதியில்லாத கூலித் தொழிலாளியின் பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். கடவுச்சொல்லைக் காக்கச் சொன்ன அதே குருவானவர் அதைக் கொடுக்கவும் சொல்கிறாரா என்று கேட்பீர்கள். பல பெட்டிகளில் விருந்தினர் இணைப்பு என்றொரு வசதி உண்டு. அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல். அதன்வழி வருபவர் உங்கள் கணினிகளை எட்ட முடியாது. இணைப்பு உங்கள் பெயரிலேயே இருப்பதால், நன்கு தெரிந்த குடும்பத்திற்கு மட்டும், பெற்றோரை அழைத்துப் பேசிவிட்டுக் கொடுங்கள். சில பெட்டிகளில் வேகத்தையும் நேரத்தையும் வரையறுக்கலாம்: மாலை 6 முதல் 9 வரை என்று வைத்தால் போதும். அந்தப் பிள்ளை உங்கள் திண்ணையில் வந்து அமர்ந்து படிப்பதானால் பெட்டியை அந்தச் சுவர்ப் பக்கமாகச் சற்று நகர்த்தி வையுங்கள்; தேர்வு முடிந்தபின் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.