பிரதம நீதிபதியின் ஆசனம்

சென்னை ஹைக்கோர்ட்டின் செந்நிறக் கோபுரங்களைக் காணாத நேயர்கள் நம்மிடையே சிலரே இருப்பர். அங்குள்ள பிரதம நீதிபதியின் ஆசனத்தில் நம்மவர் ஒருவர் நிலையாக அமர எத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது என்பதை அறிந்தவர்களும் சிலரேயாவர்.

1801-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் ஏற்பட்டபோது அதன் முதல் பிரதம நீதிபதியானவர் ஸர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச். ஹிந்து தர்ம சாஸ்திரத்தைப் பற்றி நூல் எழுதிய வெள்ளையர் அவர். 1862-இல் அந்நீதிமன்றம் மறைந்து ஹைக்கோர்ட் தோன்றியது. ஸர் காலி ஸ்காட்லண்ட் அதன் முதல் தலைவரானார்.

1861-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. நீதிபதிகளில் மூன்றிலொரு பங்கினர், பிரதம நீதிபதி உள்பட, பாரிஸ்டர்களாயிருக்க வேண்டும் என்பதே அது. சீமைக்குச் சென்று பட்டம் பெறாத வக்கீல் எவ்வளவு மேதையாயினும் அவருக்கு அந்த ஆசனம் நிலையாக இல்லை என்றே இதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. கதவைச் சாத்துவதற்குப் பெரிய பூட்டு வேண்டுமா, என்ன!

சிறு வயதில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு உழைத்த தஞ்சை ஜில்லாக்காரர் திருவாரூர் முத்துசாமி ஐயர். 1880-க்கு முன்னரே ஹைக்கோர்ட் நீதிபதியாகிவிட்டார். அவருடைய தீர்ப்புகளை வெள்ளைக்கார நீதிபதிகளும் மதித்தனர். எனினும் 1893-இல் சில மாதங்கள் மட்டுமே அவர் பிரதம நீதிபதியின் வேலையைப் பார்த்தார். 1895-இல் காலமான அவருக்கு ஹைக்கோர்ட்டுக்குள்ளேயே சலவைக்கல் சிலை வைத்தார்கள். ஆசனம் தர மனமில்லாதவர்களுக்குச் சிலை வைப்பதில் கஷ்டமில்லை போலும்.

அவருக்குப் பின் வந்த மதுரை சுப்பிரமணிய ஐயரோ 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தற்காலிகமாக அப்பதவியை வகித்தார். மும்முறையும் இறங்கி வந்தார். பின்னர் அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு இந்தியாவின் நிலையைக் குறித்துக் கடிதம் எழுதி, அதனால் எழுந்த கண்டனத்துக்கு விடையாகத் தம் பட்டங்களையே துறந்தவர் இவர்தாம். இத்தகைய நெஞ்சுரத்தைத்தான் நாம் பெரிதும் போற்றுகிறோம்.

இதனிடையே லாகூரில் 1920-இலேயே ஷாதி லால் நிலையான பிரதம நீதிபதியாகிவிட்டார். அவர் பாரிஸ்டர்! 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பழைய நிபந்தனையை ஒருவாறு விலக்கியது. ஆயினும் சென்னையில் லீச் துரையும் அவருக்குப் பின் ஜெண்டில் துரையுமே தலைமை வகித்தனர். 1948-இல்தான், ஹைக்கோர்ட் ஏற்பட்டு எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்ற பி. வி. ராஜமன்னார் நிரந்தரப் பிரதம நீதிபதியாக அமர்ந்தார். தெலுங்கில் நாடகங்கள் எழுதிய ரஸிகரான அவர், 1961 வரை அவ்வாசனத்தை விட்டு இறங்கவில்லை.