ழூல் புளோக்: பாரிசில் தமிழ் கற்பித்த யூத மொழியியலாளர்

ழூல் புளோக் 1880 மே 1 அன்று பாரிசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நாட்களில், பாரிசில் அமர்ந்து பிரெஞ்சு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் இவர். மராத்தி மொழியின் வரலாற்றை எழுதியவர் என்று புனே அறிஞர்கள் இவரைக் கொண்டாடியதுண்டு. தமிழ்நாட்டில், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு கூட இவருக்குக் கிடைக்கவில்லை.

பாரிசுக்குத் தமிழ் எதற்கு என்ற கேள்வி எழலாம். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. தெற்கே நாகூர் எல்லையை ஒட்டிய கீழவாஞ்சூர் வரை அவர்களது ஆட்சி. நிலவரி, நீதிமன்றம், பதிவேடு என்று எதைத் தொட்டாலும் அங்கே தமிழ் தேவைப்பட்டது. 1795இல் தொடங்கிய பாரிஸ் கீழைமொழிப் பள்ளியில் பின்னாளில் தமிழும் ஒரு பாடமானது. பிரெஞ்சிந்தியாவில் வளர்ந்து தமிழ் கற்ற ழூலியேன் வேன்சோன் 1879 முதல் அங்கு கற்பித்தார். 1903இல் ஒரு தமிழ்க் கையேடும் வெளியிட்டார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்த இடம்தான் புளோக்.

புளோக்கின் முக்கிய ஆசிரியர்கள் இருவர். ஒருவர் சமஸ்கிருத அறிஞர் சில்வேன் லெவி. அவரும் யூதர், பிற்காலத்தில் தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தவர். மற்றவர் ஒப்பியல் மொழியியலில் பெரும்பெயர் எடுத்த அந்துவான் மெய்யே. லெவியிடம் நூல்களைப் படிக்கக் கற்ற புளோக், மெய்யேயிடம் மொழியை ஒரு சமுதாய நிகழ்வாகப் பார்க்கக் கற்றார். சமஸ்கிருதத்தில் வினைச்சொல் இல்லாமல் அமையும் பெயர்ப் பயனிலைத் தொடரைப் பற்றி 1906இல் வந்த ஆய்வு, அவருடைய தொடக்ககால எழுத்து. பிறகு இந்தியாவுக்கே வந்து மொழிகளை நேரில் கேட்டார்.

அந்தப் பயணத்தின் ஒரு விளைச்சல், 1910இல் பாரிஸ் மொழியியல் கழகத்தின் ஏட்டில் வந்த கட்டுரை. தமிழில் சாதியும் கிளைமொழியும் என்பது அதன் பொருள். அன்றைய தமிழறிஞர்களுக்குப் பேச்சுத்தமிழ் கொச்சை. ஆராயத் தக்கதே அல்ல. புளோக் அதையே எடுத்துக்கொண்டார். வட்டாரம் மாறினால் பேச்சு மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஊருக்குள், தெருவுக்குத் தெரு ஏன் மாறுகிறது என்பது அவர் எழுப்பிய கேள்வி.

கீழவாஞ்சூர்ப் பக்கத்தில் நின்று பார்த்தாலே இது விளங்கும். ஊரைத் தாண்டினால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. சோதனைச்சாவடி உண்டு, மதுவின் விலை வேறு. ஆனால் பேச்சு அந்தக் கோட்டில் மாறுவதில்லை. நாகூர் முஸ்லிம் வீட்டில் அப்பா வாப்பா, அம்மா உம்மா, அக்கா லாத்தா. காவிரி டெல்டாவின் அக்கிரகாரத்தில் 'ஆத்துக்கு' வருவார்கள், அக்கா கணவர் அத்திம்பேர், குடிப்பது ஜலம். அடுத்த தெருவில் அதுவே தண்ணி, வீட்டுக்குத்தான் வருவார்கள், அக்கா கணவர் மாமா அல்லது மச்சான். அரசு போட்ட எல்லையைவிடக் கொண்டு கொடுக்கும் எல்லை பேச்சில் ஆழமாகப் பதிகிறது. 1960களில் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் தென்னிந்தியச் சாதி வழக்குகளை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தக் கட்டுரை வந்திருந்தது.

புளோக்குக்குப் பெயர் வாங்கித் தந்தது மராத்தி நூல். மராத்தி எப்படி உருவானது என்பதை ஒலி ஒலியாக, உருபு உருபாகப் பின்தொடரும் அந்த ஆய்வு, முதல் உலகப்போர் குறுக்கிட்டதால் 1920இல்தான் வெளிவந்தது. இந்திய ஆரிய மொழி ஒன்றின் வரலாற்றை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று. 1920களின் தொடக்கத்தில் பாரிஸ் வந்து அவரிடம் படித்த சுனிதி குமார் சட்டர்ஜி, 1926இல் வங்கமொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார்.

சமஸ்கிருதமும் திராவிடமும் ஒன்றிடம் ஒன்று என்ன வாங்கின என்று 1924இல் புளோக் எழுதினார். எந்தச் சொல் எங்கிருந்து எங்கே போனது என்பதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மனமில்லை. இரண்டுமே மூன்றாவது மொழி ஒன்றிடமிருந்து வாங்கியிருக்கலாம் என்ற வாய்ப்பையும் திறந்தே வைத்தார். சொற்பிறப்பு ஆராய்ச்சி என்றாலே கட்சி பிரித்துக்கொள்ளும் நம்மூர் வழக்கத்துக்கு இந்த நிதானம் புதிது. பலூச்சிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியைச் சிந்துவெளியில் எஞ்சி நின்ற திராவிடம் என்று பலர் கருத, அது பிற்காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே போனதாக இருக்கக்கூடும் என்றார் புளோக். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

வேத காலம் முதல் தற்காலம் வரையிலான இந்திய ஆரிய மொழிகளைப் பற்றிய நூல் 1934இல் வந்தது. 1937இல் பிரான்சின் உயர்ந்த கல்விப்பீடமான கொலேழ் த பிரான்சில் பேராசிரியரானார். மூன்று ஆண்டுகளில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. தோல்விக்குப் பின் ஜெர்மனிக்கு இணங்கி ஆண்ட விஷி அரசு 1940 அக்டோபர் 3இல் கொண்டுவந்த சட்டம், யூதர்களை ஆசிரியப் பணி உட்படப் பல அரசுப் பணிகளிலிருந்து விலக்கியது. 1937இலேயே அந்தப் பீடத்துக்கு வந்த மற்றொரு யூத மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்த், போர்க்கைதியாகிப் பின் தப்பி சுவிட்சர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், திராவிட மொழிகளின் இலக்கண அமைப்பு பற்றிய புளோக்கின் நூல் வெளிவந்தது. கால்டுவெல் 1856இல் எழுதியபோது இலக்கியம் வளர்ந்த தென்மொழிகளே அவருடைய ஒப்பீட்டின் மையம். புளோக் கோண்டி, குயி, குருக், மால்டோ, பிராகுயி என எழுத்து மரபில்லாத மொழிகளையும் அதே வரிசையில் உட்காரவைத்தார். பழைய நூல் இல்லாத மொழியிலும் பழைய அமைப்பு தங்கியிருக்கலாம் அல்லவா?

திணை, பால் பாகுபாட்டையே பார்க்கலாம். தமிழில் ஒருமைக்கு அவன், அவள், அது என்று மூன்று. தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒரே சுட்டு, 'அதி'. பன்மையில் மட்டும் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து 'வாரு' ஆவார்கள். கோண்டியில் பன்மையிலும் பெண்கள் ஆண்களோடு சேர்வதில்லை. இவற்றில் எது மூத்தது? தமிழைத் தாயாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திரிபு என்று சொல்லிவிட்டால் வேலை எளிது. புளோக்கின் முறை அந்த எளிய வழிக்கு இடம் தரவில்லை. நூலில் ஒலியியல் குறைவு என்பது ஒரு குறைதான். உருபும் தொடரும் அந்த அளவுக்கு அவர் கவனத்தை ஈர்த்திருந்தன.

கடைசி ஆண்டுகளிலும் எழுத்து நிற்கவில்லை. அசோகர் கல்வெட்டுகளின் பதிப்பு 1950இல் வந்தது. 1951இல் பணி ஓய்வு. இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற நாடோடி மக்களான ஜிப்சிகளைப் பற்றிய சிறுநூல் 1953இல். அதே ஆண்டு நவம்பரில் புளோக் காலமானார். திராவிட இலக்கண நூலின் ஆங்கில வடிவம் 1954இல் புனே டெக்கான் கல்லூரி வழியாக வந்தது. காரைக்கால் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவின் கைக்கு மாறியதும் அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான்.

அவரிடம் தமிழ் கற்ற ழான் ஃபிலியோசா 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆட்சி போன பிறகு இங்கே தங்கிய பிரெஞ்சுத் தமிழாய்வுக்கு அது வீடாயிற்று. புளோக்கின் சிதறிய கட்டுரைகளை கொலெத் கயா திரட்டி 1985இல் ஒரே தொகுதியாகப் பதிப்பித்தார்.