மேடில்லா நாட்டில் கேரவன் பயணம்

நெதர்லாந்தில் கேரவனை இழுத்துச் செல்லும் காருக்கு மலையேறும் கவலை இல்லை. ஐரோப்பாவில் உள்ள அதன் நிலப்பகுதியின் உச்சமான வால்சர்பெர்க் குன்றே சுமார் 322 மீட்டர்தான். நாட்டில் ஏறத்தாழ கால்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது.

எதிரி காற்றுதான். 1932இல் கட்டி முடித்த, 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லவுட்டைக் அணைமேல் பக்கவாட்டுக் காற்று வீசினால் உயரமான கேரவன் ஆட்டம் காணும். கனமான பெட்டிகளைச் சக்கர அச்சுக்கு மேலே தாழ்வாக அடுக்குவது நல்லது. நெடுஞ்சாலையிலும் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

கண்ட இடத்தில் கேரவனை நிறுத்தி இரவு தங்கவும் முடியாது, சட்டம் தடுக்கிறது. துலிப் பூக்கும் ஏப்ரலுக்கும், பள்ளி விடுமுறைக்காலமான ஜூலை, ஆகஸ்டுக்கும் முகாமில் முன்பதிவு அவசியம். கூட்டம் பிடிக்காதவர்கள் செப்டம்பரில் டென் ஹெல்டரிலிருந்து கேரவனோடு படகேறி டெக்சல் தீவுக்குப் போகலாம். சைக்கிளையும் மறக்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.