பட்டமா, கைத்தொழிலா? எதை முதலில் படிப்பது?

(நமது வாஷி நிருபர்)

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும் வாஷி, சான்பாடா, துர்பே பகுதிகளிலுள்ள நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனை ஜூனியர் காலேஜில் சேர்த்து, குறைந்தது ஐந்து வருடம் கழித்து ஒரு பி.காம். பட்டம் வாங்க வைப்பதா? அல்லது ஐ.டி.ஐ.யில் சேர்த்து இரண்டே வருடத்தில் எலெக்ட்ரீஷியனாகவோ ஃபிட்டராகவோ ஆக்குவதா? பெண்ணுக்கும் இதே கேள்விதான். தகப்பனார் ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். கடைசி தேதி நெருங்கியதும் பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தானோ அங்கேயே நம் பையனும் சேர்ந்துவிடுவான். வாழ்க்கையை முடிவு செய்யும் முறை இதுவல்ல.

டைப்ரைட்டிங்கும் கைவேலையே

கைத்தொழில் நமக்கு ஒத்து வராது என்று சொல்பவர்கள் நம் பெரியவர்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளைய பம்பாய்க்கு ரயிலேறி வந்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஒண்டுக் குடித்தனம் இருந்தவர்களில் பலரிடம் பட்டம் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டும், டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர் தேர்வுகளில் தேறிய விரல்களும்தான் அவர்களுடைய மூலதனம். அதுவும் ஒரு கைத்தொழிலே. 1966இல் தொடங்கப்பட்ட சிவசேனை தென்னிந்திய குமாஸ்தாக்களைக் குறி வைத்துக் கிளர்ச்சி செய்ததற்கும் காரணம், அந்த விரல்கள் இந்நகரத்து ஆபீஸ்களில் பிடித்திருந்த இடம்தான்.

அந்தத் தொழிலும் மறைந்துவிட்டது. 1955இல் இந்தியாவிலேயே டைப்ரைட்டரைச் செய்து காட்டிய கோத்ரெஜ் கம்பெனி, 2009இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. எந்தத் தொழிலும் நிரந்தரமல்ல என்பது இதில் ஒரு பாடம். கையில் ஒரு தொழிலோடு ஊர் விட்டு வந்தவன் காலூன்றிக் கொண்டான் என்பது இன்னொரு பாடம்.

பயத்துக்குக் காரணம் உண்டு

'கைத்தொழில்' என்றதும் தாராவியிலிருந்து வந்த ஒரு தகப்பனார் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. தோல் பதனிடும் கிடங்கில் தாத்தா நின்ற இடத்திலேயே அப்பாவும் நின்றார். நீயாவது மேஜை நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். 1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டு வந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. 'குலக்கல்வி' என்று நாடே எதிர்த்தது. 1954இல் முதலமைச்சராக வந்த காமராஜ் அதைக் கைவிட்டார்.

ஆனால் குலத்தொழில் வேறு, ஐ.டி.ஐ. தொழில் வேறு. முன்னது பிறப்பால் தலையில் கட்டப்படுவது. பின்னது மதிப்பெண் பார்த்து இடம் கொடுத்து, பரீட்சை வைத்து, சர்க்கார் முத்திரையோடு சான்றிதழ் தருவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.

காத்திருக்க யாரால் முடியும்?

பட்டத்தின் கணக்கையும் பார்ப்போம். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2021-22ஆம் வருடத்து சர்க்கார் கணக்கெடுப்பை ஆராய்ந்தது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில், வேலை தேடுவோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 42 சதவீதத்துக்கு மேல் வேலையில்லாதவர்கள். 25 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் அது சுமார் 23 சதவீதம். 30 வயதைத் தாண்டினால் 10 சதவீதத்துக்கும் கீழ்.

ஆகவே பட்டம் வீண் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. பட்டதாரிக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நாலைந்து வருடம் பையனை உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு போடக் கூடிய வீட்டுக்கு அது பெரிய கஷ்டமல்ல. ஒரே சம்பளத்தில் வாஷியில் வாடகை கொடுத்து, ஊருக்கும் மணியார்டர் போல மாதாமாதம் பணம் அனுப்பும் வீட்டுக்கு அந்த வருடங்கள்தான் யமன்.

ரயில்வேயில் எந்தக் கதவு யாருக்கு?

நம்மவர்கள் பெரிதும் விரும்பும் ரயில்வேயையே எடுத்துக் கொள்வோம். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குப் பட்டம் வேண்டும். ஆனால் உதவி லோகோ பைலட், அதாவது உதவி ஓட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது எஞ்சினியரிங் டிப்ளமா வேண்டும். வெறும் பி.ஏ.வை வைத்துக் கொண்டு மனுப் போட முடியாது. பத்தாம் வகுப்பில் 50 சதவீதமும் ஐ.டி.ஐ. சான்றிதழும் உள்ளவர்கள், 1961ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி ரயில்வே பட்டறைகளில் பயிற்சி பெறலாம். நம் பக்கத்தில் மாட்டுங்கா, பரேல் பட்டறைகள் இருக்கின்றன. இதற்குத் தனிப் பரீட்சை கிடையாது; மதிப்பெண்தான் கணக்கு. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 24. பி.காம். முடித்து, இரண்டு வருடம் வேலை தேடி அலுத்து, பிறகு ஐ.டி.ஐ. என்று கிளம்புகிறவருக்கு இந்தக் கதவு அடைபட்டிருக்கும்.

2018 தந்த எச்சரிக்கை

இதையெல்லாம் படித்துவிட்டு, ஐ.டி.ஐ. முடித்தால் ரயில்வே வேலை நிச்சயம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2018 மார்ச் 20 அன்று காலை, மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து மத்திய ரயில்வே வண்டிகளை மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தியதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லோரும் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்கள். கடைநிலை வேலைகளில் 20 சதவீதம் மட்டும் தங்களுக்கு என்ற வரம்பை நீக்கி, பயிற்சி முடித்த அனைவரையும் எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. பயிற்சி கொடுத்தவர் வேலையும் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதே வருடம் ரயில்வேயின் சுமார் 90,000 இடங்களுக்கு இரண்டு கோடிக்கு மேல் மனுக்கள் குவிந்தன.

அப்படியானால் ஐ.டி.ஐ.யால் என்ன லாபம்? ரயில்வே கை விட்டாலும் தொழில் கை விடாது என்பதுதான். துர்பே, மஹாபே, ரபாலே தொழிற்பேட்டைகளில் பழைய ஆலைகள் பல போய்விட்டன. அவற்றுக்குப் பதில் டேட்டா சென்டர்களும் குளிர்சாதனக் கிடங்குகளும் வந்திருக்கின்றன. இவற்றில் மின்சாரமும் குளிரூட்டும் எந்திரமும் ஒரு மணி நேரம் கூட நிற்கக் கூடாது. பி.ஏ. படித்தவரைக் கூப்பிட்டு அதைச் சரி செய்ய முடியாது.

ஜாதிச் சான்றிதழ் விஷயம்

நம் பெற்றோர் பலர் கடைசி நேரத்தில் திண்டாடுவது இதில்தான். தமிழ்நாட்டில் வாங்கிய தாழ்த்தப்பட்டோர் சான்றிதழைக் காட்டி மகாராஷ்டிர அரசின் ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. இதே மும்பையில் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட, ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்த பழங்குடி மாணவரின் வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மத்திய சர்க்கார் வேலைகளுக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். ஆகவே இங்கே பொதுப் போட்டியில்தான் இடம் பிடிக்க வேண்டும் என்று வைத்துக் கொண்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இரண்டு வருடம் முன்பிருந்தே கவனிக்க வேண்டும்.

முதலில் தொழில், பிறகு பட்டம்

ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு நாம் சொல்லக் கூடிய யோசனை இதுதான். முதலில் தொழில், பட்டம் அதற்குப் பிறகு. தொழிலுக்குப் பிறகு பட்டத்துக்குப் போக வழி உண்டு. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் எஞ்சினியரிங் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம். பி.ஏ., பி.காம். தான் வேண்டும் என்றால் பன்னிரண்டாம் வகுப்பைத் தனியாக எழுதிவிட்டு, 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, நாசிக்கில் 1989இல் தொடங்கிய யஷ்வந்த்ராவ் சவாண் பல்கலைக்கழகத்திலோ வேலை பார்த்துக் கொண்டே படிக்கலாம். அங்கே 35 வயதிலும் இடம் கிடைக்கும். பட்டறைப் பயிற்சி 35 வயதுக்காகக் காத்திருக்காது.

படிப்பில் மிகுந்த நாட்டமுள்ள பிள்ளையை வலுக்கட்டாயமாக லேத் மிஷின் முன்னால் நிறுத்தச் சொல்லவில்லை. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கல்லூரியே சரி. 'எல்லோரும் போகிறார்கள்' என்பதற்காகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

சேர்க்குமுன் மூன்று விஷயங்களைப் பார்த்துக் கொள்ளுங்கள். நிலையம் தருவது சர்க்கார் அங்கீகாரம் பெற்ற என்.சி.வி.டி. அல்லது எஸ்.சி.வி.டி. சான்றிதழா? பட்டறையில் எந்திரங்கள் ஓடுகின்றனவா, துணி போட்டு மூடியிருக்கின்றனவா? போன வருடம் முடித்த பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதிலை ஆபீஸ் அறையில் கேட்க வேண்டாம். வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.