முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்

சிங்கப்பூரில் ஒருவர் தன் ஐசி நம்பரை, அதாவது அடையாள அட்டை எண்ணைச் சொல்லத் தொடங்கினாலே போதும். அவர் அந்த மண்ணில் நிலைத்தவரா, பர்மிட்டில் இருப்பவரா என்று முதல் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 'எஸ்' அல்லது 'டி'. 2000-க்கு முன் பிறந்தவர் எஸ், பின்னர் பிறந்தவர் டி. தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்களின் வொர்க் பர்மிட்டில் இருப்பது ஃபின் எனப்படும் வேறு வரிசை: 1999 வரை 'எஃப்', 2000 முதல் 'ஜி', 2022 ஜனவரி முதல் 'எம்'. குடிமகனின் எழுத்தைத் தீர்மானிப்பது அவன் பிறந்த தேதி. தொழிலாளியின் எழுத்தைத் தீர்மானிப்பது எண் வழங்கப்பட்ட தேதி. அவன் எப்போது பிறந்தான் என்பது அந்த எழுத்துக்குப் பொருட்டே இல்லை.

1968 முதல் பிறந்த குடிமக்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அதற்கு முன் பிறந்த உள்ளூர்க்காரர்களின் எண் பெரும்பாலும் 0 அல்லது 1-இல் தொடங்கும். வெளியிலிருந்து வந்து பிற்பாடு நிரந்தரவாசம் பெற்ற அவர்கள் வயதுக்காரர்களுக்கு 2 அல்லது 3. குடியுரிமை வாங்கிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த எண் 'வந்தவர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

எண்ணின் முடிவில் வரும் எழுத்து சரிபார்ப்புக்கு. ஏழு இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 'டி'யில் தொடங்கினால் இன்னொரு 4. பிறகு 11-ஆல் வகுத்தால் வரும் மீதிக்கு ஓர் எழுத்து. 'டி'க்குப் பின் 1234567 என்றால் 106, நாலு சேர்த்து 110, மீதி பூஜ்யம், எழுத்து 'ஜே'. கிளார்க் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணினி உடனே பிடித்துவிடும்.

ஆனால் இதே கணக்கு திருடனுக்கும் உதவும். எண்ணை மறைத்து, கடைசி மூன்று இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் காட்டுவது வழக்கம். பிறந்த ஆண்டு தெரிந்தால் மீதம் இரண்டு இலக்கம், அதாவது நூறு வாய்ப்பு. சரிபார்ப்பு எழுத்து அதை ஒன்பது பத்தாகச் சுருக்கிவிடும்.

2024 டிசம்பரில் அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் முழு எண்களும் தேடினால் கிடைத்தன. அரசு மன்னிப்புக் கேட்டது. கூடவே, இந்த எண் ஆளைக் குறிப்பதற்கே, ஆள் அவர்தான் என்று நிரூபிப்பதற்கல்ல என்றும் விளக்கியது. அந்த விளக்கம் சரி. உங்கள் ஐசி நம்பரையோ ஃபின் நம்பரையோ எங்காவது கடவுச்சொல்லாக வைத்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.