காசு கொடுத்து வாங்கிய கேம் காணாமல் போனால்? 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' கேட்பது என்ன?

2014-ல் ஒரு கார் ரேஸ் கேமை முழு விலை கொடுத்து வாங்குகிறீர்கள். டிஸ்க்கோடு, பெட்டியோடு. ஒன்பது வருடம் கழித்து அதே டிஸ்க்கைப் போட்டால், சர்வருடன் இணைய முடியவில்லை என்று திரையில் வருகிறது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. கன்சோலும் நல்லாத்தான் இருக்கு. கேம் மட்டும் இல்லை!

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கேமுக்கு நடந்தது இதுதான். மொத்த அமெரிக்காவையும் சுருக்கி ஒரே மேப்பில் அடக்கிய கேம் அது. நியூயார்க்கில் கிளம்பினால், நடுவில் லோடிங் திரையே வராமல் மேற்குக் கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டே போகலாம். அதற்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரேஸ் எல்லாம் வேண்டாம், சும்மா ஊர் சுற்றினால் போதும் என்று விளையாடிய ரசிகர்கள் ஏராளம். ஆனால், தனியாக விளையாடினாலும் நெட் இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்திய யுபிசாஃப்ட், 2024 மார்ச் 31-ல் சர்வரையும் அணைத்தது. கதை முறை உட்பட எல்லாம் அன்றோடு முடிந்தது.

சர்வர் கட்டமைப்பும், உரிம ஒப்பந்தங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. நிஜ கார்களை கேமில் காட்ட கார் நிறுவனங்களிடம் உரிமம் வாங்க வேண்டும், அது காலாவதியாகும். சரி, நியாயம்தான். ஆனால் மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ஸா ஹொரைசன் 4'-க்கும் இதே பிரச்சினை வந்தது. 2024 டிசம்பரில் விற்பனையை மட்டும் நிறுத்தினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம். ஆக, விற்பதை நிறுத்துவது வேறு, விற்றதைப் பிடுங்குவது வேறு.

இந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'. தொடங்கியவர் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் முன்மொழிவாக இது பதிவானது. 10 லட்சம் கையெழுத்து கிடைத்தால் ஐரோப்பிய ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாதக்கணக்கில் நொண்டியடித்த பிரசாரம், கடைசி நேரத்தில் பற்றிக்கொண்டு, 2025 ஜூலையில் அந்த இலக்கைத் தாண்டியது. பிரிட்டனிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்து, நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. சட்டத்தை மாற்றும் திட்டம் இல்லை என்பதே அந்த அரசின் பதில்.

சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்கிறார்களா?

இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சேவையை நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தும்போது கேமை விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. ஒரு ஆஃப்லைன் முறை தரலாம். அல்லது ரசிகர்களே சர்வர் நடத்திக்கொள்ள வழி விடலாம்.

நிறுவனங்களின் தரப்பிலும் விஷயம் இருக்கிறது. ரசிகர்கள் நடத்தும் சர்வரில் பயனர் தகவல் கசிந்தால் யார் பொறுப்பு? ஆன்லைனுக்கென்றே கட்டப்பட்ட கேமைப் பிறகு பிரித்து எழுத எவ்வளவு செலவாகும்? நூறு பேர் மோதும் கேமுக்கு இந்தக் கேள்விகள் பொருந்தும். தனியாக கார் ஓட்டுகிறவருக்கு எதற்குச் சர்வர் என்பதற்கு அவர்களிடம் சரியான பதில் இல்லை என்றே தோன்றுகிறது. சொல்லப்போனால், எதிர்ப்பு கிளம்பிய பிறகு யுபிசாஃப்டே 'தி க்ரூ 2'-வுக்கு ஆஃப்லைன் முறை கொடுத்தது. அப்போ முடியும்தானே?

சோனியின் 'கன்கார்ட்' இன்னொரு ரகம். 2024 ஆகஸ்டில் வெளியாகி, இரண்டே வாரத்தில் மூடப்பட்டது. அங்கே வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தோல்விதான், ஆனால் கணக்கு நேராக இருந்தது.

நம்ம ஊர் அனுபவம் கொஞ்சம் வேறு. 2020-ல் பப்ஜி மொபைல் போனது அரசுத் தடையால். பிறகு பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்ததால், ஸ்கின்களுக்குச் செலவழித்தவர்கள் பலர் தப்பித்தார்கள்.

வாங்கும் முன் என்ன பார்க்கலாம்?

நீங்கள் வாங்குவது பொருள் அல்ல, உரிமம்தான் என்று ஸ்டீம் இப்போது பணம் கட்டும் இடத்திலேயே சொல்லிவிடுகிறது. டிஜிட்டல் விற்பனையில் இதை மறைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் 2025 ஜனவரியில் அமலானது. தனி ஆள் கேமுக்கு 'நெட் கட்டாயம்' என்று போட்டிருந்தால் ஒரு தடவை யோசியுங்கள். ஜிஓஜி போன்ற தளங்களில் இன்ஸ்டாலரையே டவுன்லோடு செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

'தி க்ரூ' ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. சர்வர் எப்படிப் பேசும் என்பதைத் தாங்களே ஆராய்ந்து, 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற மாற்று சர்வரை 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் பழைய கேம் ஃபைல் வைத்திருப்பவர்கள் இப்போது மறுபடியும் நியூயார்க்கில் வண்டியைக் கிளப்புகிறார்கள்.